வெளியே வராத ஃப்ரிட்ஜ்

அருணா எழுந்தாள். வாசல் தெளித்தாள். கோலம் போட்டாள். மாமனாருக்கு வெந்நீர் வைத்தாள். மகளை எழுப்பிப் பல் துலக்க அனுப்பினாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து நேற்றைய பாலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கழுவும் தொட்டியில் ஊற்றினாள். மாவுப் பாத்திரத்தைத் திறந்தாள். மாவு பொங்கி மூடியில் ஒட்டியிருந்தது. அதையும் ஊற்றினாள். ஒரு வாரமாகக் காலையில் இதுவும் அவள் வேலைகளில் ஒன்று.

"இன்னிக்கும் ஊத்தியாச்சா?" என்றாள் மாமியார் முத்தம்மாள், சமையலறை வாசலில் நின்று.

"புளிச்சிப் போச்சி அத்தே."

"ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜி பாக்குறவன் பொண்டாட்டி, பால கொட்டிகினு கீறா. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

கூடத்தில் உப்புமாவைப் பிசைந்துகொண்டிருந்த அன்புசெல்வன் தலையை நிமிர்த்தவில்லை. "நாளைக்குப் பாக்குறேம்மா."

"நேத்து பாத்தியே, இன்னா ஆச்சி? ராவுல கொஞ்ச நேரம் ஜில்லுன்னு இருந்திச்சி. காலையில மறுபடி கொதிக்குது."

"கேஸ் லீக்காவுதும்மா. ஒட்டின எடம் நிக்கல."

முத்தம்மாள் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒரு சந்தேகம்டா. போன மாசம் கடையிலேர்ந்து ஒரு பொட்டி எடுத்தாந்து மாட்டினியே, அத யாரு குடுத்தது?"

"அது ஸ்டெபிலைசரு. கடையில இருந்திச்சி."

"அந்த இம்மானுவேலு கை பட்டதுதான? அதுலதான் இன்னாவோ பண்ணி வெச்சிக்கிறான். ரிப்பேரானா ஊட்டுக்குள்ள கூப்புடுவாங்கன்னு."

"அம்மா, சும்மா இரும்மா."

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த மாமனார் ராஜமாணிக்கம் செய்தித்தாளை மடித்தார். "உன் பேர்ல பாதி, அவன் பேர்ல பாதின்னு லோன் போடும்போதே சொன்னேன். எவன் கேட்டான்?"

அருணா தட்டில் சட்னி ஊற்றினாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்புசெல்வனும் இம்மானுவேலும் ராணுவத்தில் ஒரே யூனிட்டில் இருந்தவர்கள். அன்பு ஊருக்குள் நெல் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. இம்மானுவேல் ஊருக்கு வெளியே, எளாவூர் போகும் சாலைக்கு அந்தப் பக்கம், காலனி. ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். ஓய்வுக்கு முன் படை அவர்களை ஒரு தொழில் கற்க அனுப்பியது. செக்யூரிட்டி, டிரைவிங், கம்ப்யூட்டர் கணக்கு, ஏசி - ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்று பல பயிற்சிகள் இருந்தன. முக்கால்வாசிப் பேர் செக்யூரிட்டி எடுத்தார்கள். அதில் வேலை உடனே கிடைக்கும். ஆனால் ஐதராபாத்திலோ பெங்களூரிலோ கிடைக்கும்.

"எத வேணா படிங்க. செக்யூரிட்டி மட்டும் வேணாம்" என்று அருணா போனில் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவனோடு வாழ்ந்தது அவன் லீவுகளில். நடுவில் ஒருமுறை பதான்கோட் குவார்ட்டர்ஸில் கொஞ்ச காலம். இனியும் வருஷத்துக்கு இரண்டு முறை பெட்டியோடு வரும் ஒரு ஆள் அவளுக்கு வேண்டாம். அவள் கேட்டது அது ஒன்றுதான். அதனால் அன்பு இம்மானுவேலோடு ஃப்ரிட்ஜ் வகுப்பில் சேர்ந்தான்.

இருவரும் ஒரே மேசையில் கற்றார்கள். ஒரே அறையில் தூங்கினார்கள். ஒரு தட்டு சோற்றை இரண்டு பேர் தின்ற நாட்களும் உண்டு. செம்புக் குழாயை நெருப்பால் ஒட்டும் வேலை இம்மானுவேலுக்கு வந்தது. அன்புவுக்கு வரவில்லை. சோப்பு நுரை தடவினால் அவன் ஒட்டிய இடத்தில் மட்டும் கசிந்து குமிழி வரும். செய்முறைத் தேர்வில் அன்புவின் குழாயையும் இம்மானுவேல் ஒட்டிக் கொடுத்தான். இருவரும் தேறினார்கள்.

திருவள்ளூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் இருந்தவர் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். கூட்டாகத் தொடங்கினால் கடன் கிடைப்பது சுலபம், நஷ்டமும் பயமும் பாதியாகும் என்றார். அவர் சொன்னது சரி. கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஷட்டர் கடை எடுத்தார்கள். 'ஜவான் கூலிங் சர்வீஸ்' என்று பலகை வைத்தார்கள்.

அந்த அலுவலகத்தில் யாரும் அவர்களிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. ஃப்ரிட்ஜ் சமையலறையில் இருக்கும். சமையலறைக்குள் யார் போவது?

முதல் வாரம் ஊருக்குள்ளிருந்து ஒரு அழைப்பு வந்தது. இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். வீட்டுக்காரர் அன்புவை உள்ளே அழைத்தார். இம்மானுவேலைப் பார்த்து, "நீ வண்டியாண்ட நில்லுப்பா, வெயில்ல சீட்டு சூடாயிடும்" என்றார். அவன் நின்றான். அன்று அன்பு ஒட்டியது பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டானது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சிப்காட் தொழிலாளர்கள் தங்கும் அறைகள், காலனி வீடுகள், நெடுஞ்சாலை ஓட்டல்கள் இம்மானுவேலுக்கு. ஊர் வீடுகள் அன்புவுக்கு. ஊர் வீட்டுக்குப் போனால் அன்பு ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பான். எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒரே பதில். "இது கடைக்குத்தான் வரணும்." குட்டி யானை வண்டியில் ஏற்றுவார்கள். கடையில் இம்மானுவேல் சரிசெய்வான். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் ஆகும். வண்டி வாடகையைக் குறித்து ஊரில் ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

ஃப்ரிட்ஜ் திரும்பி வரும்போது பெண்கள் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். "கடை நாத்தம் போவணும்ல" என்பார்கள். அன்பு அந்த நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கடைக்குள் இருவரும் 'டா' போட்டுப் பேசினார்கள். ஊர் ஆள் யாராவது படியேறினால் இம்மானுவேல் 'ங்க' சேர்த்துக்கொள்வான். அன்பு சேர்க்கமாட்டான்.

இப்போது கெட்டது அன்புவின் வீட்டு ஃப்ரிட்ஜ். அதைக் கடைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அது அருணாவின் சீரோடு வந்த இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். வீடு கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. சமையலறைக்கு நிலை வைப்பதற்கு முன்பே உள்ளே வைத்துவிட்டார்கள். பிறகு சாஸ்திரம் பார்த்து, குறுகலான தேக்கு நிலையாக வைத்தார்கள். ஃப்ரிட்ஜின் கதவுகளைக் கழற்றினாலும் அதன் உடம்பு நிலையில் முட்டும்.

அன்பு இரண்டு முறை குழாயை அறுத்து ஒட்டினான். இரண்டு முறையும் கசிந்தது. கடைசியில், ஃப்ரிட்ஜ் கடை வைத்திருக்கும் அன்புவே கம்பெனி சர்வீசுக்குப் போன் செய்தான். நீல டி-ஷர்ட் போட்ட ஒரு இளைஞன் வந்தான். நேராகச் சமையலறைக்குள் போனான். பின்னால் குனிந்து பார்த்தான். "யாரோ குழாயில கைய வெச்சிக்கிறாங்க சார். வெளி ஆளு தொட்டத நாங்க தொடக் கூடாது. ரூல்ஸு" என்றான். முத்தம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் கடையில் இம்மானுவேல் கேட்டான். "கம்பெனி ஆளு இன்னா சொன்னான்?"

"குழாய அறுத்துட்டீங்க, தொட மாட்டோம்னுட்டான்."

"உள்ள வந்து பாத்தானா?"

"பின்ன, தெருவுல நின்னுகினா பாப்பான்?"

"காப்பி குடுத்தாங்களா?"

அன்பு நிமிர்ந்தான். "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"அம்மா குடுத்தாங்க. வெயில்ல வந்துக்கிறானேன்னு."

"டம்ளர்லயா?"

"டம்ளர்லதான். இன்னாடா இப்ப?"

"பென்னி சொன்னான். காப்பி சூப்பராம். சக்கரதான் கொஞ்சம் தூக்கலாம்."

"யாரு பென்னி?"

"எங்க ஊட்டு ஜெபாவோட அத்த புள்ள. பொன்னேரி பக்கம். கம்பெனி டி-ஷர்ட்டப் போட்டுகினு தெனம் ஊரூரா சமையல் ரூம்ல பூந்து வர்றான். ஒருத்தரும் பேரக் கேட்டதில்லியாம். நானும் ஒண்ணு தெச்சிக்கட்டுமா, நீலத்துல?"

அன்பு எழுந்து சாலையை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. "டேய், இத எங்க ஊட்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

"உங்க ஊட்ல நான் யார்கிட்டடா பேசுறேன்?"

ஒரு லாரி ஆந்திரா பக்கம் போயிற்று. தூசு கடைக்குள் வந்து படிந்தது.

"சிப்காட்டுல ஐஸ் பிளாண்ட்ல கூப்புட்றாங்க" என்றான் இம்மானுவேல். "மெயின்டனன்ஸ் வேல. திங்கக்கெழம பதில் சொல்லணும்."

"கடை?"

"கடைக்கு நீ கீற."

மேசை மேல் அன்பு ஒட்டிய குழாய் ஒன்று கிடந்தது. இருவர் பார்வையும் அதில் பட்டது.

"நான் ஒட்டினா நிக்காது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம்?"

இம்மானுவேல் கையைத் துணியில் துடைத்தான். நகக்கண்களில் இருந்த கரியையும் துடைத்தான். "உங்க ஊட்டு ஃப்ரிட்ஜ நான் வந்து பாக்குறேன். பாத்துட்டு அவங்களுக்குப் பதில் சொல்றேன்."

அன்புவுக்குப் புரிந்தது. புரியாதவன்போல, "ஊட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்றான்.

இம்மானுவேலின் மனைவி ஜெபா அன்று மாலையே அருணாவுக்குப் போன் செய்தாள். பதான்கோட்டில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். ஒருத்தி வீட்டில் உப்பில்லை என்றால் மற்றவள் வீட்டு டப்பாவைக் கேட்காமல் எடுப்பாள். ஊருக்கு வந்த பிறகு போனில் மட்டும் பேசினார்கள். நடுவில் ஒரு சாலைதான்.

"இவரு ஐஸ் பிளாண்டுக்குப் போறேன்றாரு அருணா. முழுசா முடிவு பண்ணல. உங்க ஊட்லேர்ந்து ஒரு வார்த்த வருமான்னு பாக்குறாரு."

அருணா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இம்மானுவேல் போனால் கடை நிற்காது. கடை நிற்காவிட்டால் கடன் நிற்கும். கடனை அடைக்க அன்பு காவல் சட்டையை மாட்டிக்கொண்டு ஐதராபாத்துக்கு ரயில் ஏறுவான். அவள் மறுபடி லீவுகளை எண்ணத் தொடங்குவாள்.

சாப்பாட்டு வேளையில் அன்பு பேச்சை எடுத்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "இம்மானுவேல் வந்து பாத்தா சரியாயிடும்."

"எங்க வந்து?" என்றாள் முத்தம்மாள்.

"இங்கதான்."

"நான் சொன்னனா இல்லியா? இதுக்குத்தான்டா பண்ணி வெச்சிக்கிறான். மொதல்ல ரிப்பேரு பண்ணுவான். அப்பறம் ரிப்பேரு பாக்க வருவான்."

"அத்தே, ஃப்ரிட்ஜி பழசாயிடிச்சி. அவ்ளோதான்" என்றாள் அருணா.

"உனக்கு எப்டி தெரியும்? அவன் பொண்டாட்டி போன்ல சொன்னாளா?"

அருணா மோர்ச் சொம்பை எடுத்து மாமனார் பக்கம் வைத்தாள். முத்தம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள்.

ராஜமாணிக்கம் மோர் ஊற்றிக்கொண்டார். அவர் கத்துகிறவர் அல்ல. "வரட்டும். நான் வேணான்னு சொல்லல. ஃப்ரிட்ஜ வெளிய கொண்டாந்து வெச்சா பாத்துட்டுப் போறான். ஊர்ல எல்லா ஊட்லயும் அப்டித்தான நடக்குது?"

"நைனா, அது வெளிய வராது. நெலையில முட்டுது."

"நெலையப் பேக்கக் கூடாது. அடியில நவரத்தினம் வெச்சி பூசை பண்ணிக்கிது." சற்று யோசித்தார். "செவுத்துல ஒண்ணும் வெக்கலியே."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று அருணா பார்த்தாள். அவர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சந்து பக்கத்து செவுரு. ஜன்னலையும் பேத்து, அதுக்குக் கீழ எடுத்தா போதும். லோகுவக் கூப்புட்டா ஒரு பகல்ல ஒடைச்சிடுவான். அப்பறம் பூசிக்கலாம்."

"மாமா, ஒரு மனுசன் உள்ள வந்தா அரமணியில முடியிற வேல. அதுக்கு செவுத்த ஒடைப்பாங்களா?"

"உன் சீர் ஃப்ரிட்ஜிக்குத்தான்டி ஒடைக்கிறோம்" என்றாள் முத்தம்மாள். "சந்தோசப்படு."

"பதான்கோட்ல அந்த அண்ணன் எங்க சமையல் ரூம்ல உக்காந்து சாப்புட்டுக்கிறாரு. இவரும் அவங்க ஊட்ல சாப்புட்டுக்கிறாரு."

முத்தம்மாளின் கை சோற்றில் நின்றது. மகனைப் பார்த்தாள். "யாரு ஊட்ல?"

அன்பு அவசரமாகச் சொன்னான். "அது குவார்ட்டர்ஸும்மா. கவர்மெண்டு ஊடு."

முத்தம்மாள் யோசித்தாள். "கவர்மெண்டு ஊடுன்னா சரி" என்றாள். சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் லோகு கடப்பாரையோடு வந்தார். சந்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல சுவர். "இன்னாங்க, இன்னொரு வாசல் வெக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஃப்ரிட்ஜி வெளிய வர்றதுக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

"ஃப்ரிட்ஜி வர்ற வழியில கறவ மாடே வருமே."

"நீ ஒட."

லோகு உடைத்தார். முத்தம்மாள் சமையலறைச் சாமான்களை வெள்ளைத் துணியால் மூடினாள். தெரு வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அன்று அவள் யாரையும் நம்பவில்லை. மருமகள் போனோடு பின்கட்டுக்குப் போனால் அவளும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அப்படியும் ஜெபாவின் அழைப்பை அருணா எடுத்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு இவருக்குப் போன் பண்ணாரு அருணா. ஊட்டுக்கு வாடா, இங்கயே பாத்துடலாம்னு. இவருக்குக் கை கால் நிக்கல. காலையிலேர்ந்து சட்ட தேய்க்கிறாரு. ஃப்ரிட்ஜி பாக்கப் போறாரா, பொண்ணு பாக்கப் போறாரான்னு கேட்டேன். மொறைக்கிறாரு." ஜெபா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "இன்னா சத்தம் அது, அங்க?"

கடப்பாரை சுவரில் விழுந்தது. மறுபடி விழுந்தது.

"பக்கத்துல வேல நடக்குதுக்கா" என்றாள் அருணா.

போனை வைத்த பிறகு கணவனிடம் போனாள். அவன் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "செவுத்த ஒடைக்கிறத அவருகிட்ட சொன்னீங்களா?"

"வந்தா பாத்துக்குவான்."

"ஊட்டுக்கு வான்னு மட்டும் சொன்னீங்க."

"ஊட்டாண்டதான வர்றான்? அதுல இன்னா பொய்யி?"

அவள் அவனையே பார்த்தாள். எல்லையில் நின்றவன். பனியில் காவல் இருந்தவன். இப்போது துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

இம்மானுவேல் வந்தபோது சந்தில் ஆட்கள் இருந்தார்கள். சுவர் உடைவதைப் பார்க்க வந்தவர்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வண்டியின் முன்னால் கருவிப் பெட்டி, பின்னால் கட்டிய சிலிண்டர். வீட்டின் முன்பக்கம் நிறுத்தப் போனான். கதவு சாத்தியிருந்தது. ராஜமாணிக்கம் சந்தின் முனையிலிருந்து கையசைத்தார். "இப்டி வாப்பா, இப்டி."

அவன் வண்டியோடு சந்துக்குள் வந்தான். இறங்கிக் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தான். செங்கல் குவியலைப் பார்த்தான். சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்த ஓட்டையைப் பார்த்தான். ஓட்டைக்கு உள்ளே, வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, ஃப்ரிட்ஜ் நின்றது. ஓட்டைக்கு வெளியே, செங்கல் தூள் மேல், ஒரு சாக்கு விரித்திருந்தார்கள். அது எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்பு ஓட்டை வழியாக வெளியே வந்தான். "இங்கயே வெச்சிப் பாத்துடலாம்டா." சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். குரல் மாறியது. "இங்கயே வெச்சிப் பாரு, இம்மானுவேலு. நாலு பேரு புடிச்சா வெளிய வந்துடும்."

"எப்பலேர்ந்து ஒடைக்கிறீங்க?"

"காலையிலேர்ந்து."

"நான் சட்ட தேச்சிகினு இருந்தப்ப."

அன்பு சாக்கின் மடிப்பைக் காலால் நேராக்கினான்.

இம்மானுவேல் கீழே வைத்த பெட்டியை மறுபடி எடுத்தான். வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினான். நிதானமாகக் கட்டினான். "நாளைக்கு ஐஸ் பிளாண்டுக்குப் போறேன் அன்பு. திருவள்ளூர் ஆபீஸ்ல கேட்டு, லோன்ல என் பாதிய எப்டி பிரிக்கிறதுன்னு பாரு. நானும் வர்றேன்." கூட்டத்தின் முன்னால் அவன் 'ங்க' சேர்க்கவில்லை. அன்றுதான் முதல் முறை.

"ஏம்ப்பா, இவ்ளோ தூரம் செவுத்த ஒடைச்சி வெச்சிக்கிறோம், பாக்காத போறியே" என்றார் ராஜமாணிக்கம். அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்போது ஓட்டையில் அருணா வந்து நின்றாள். காலடியில் உடைந்த செங்கல். தலையெல்லாம் தூசு. இந்த ஊரில் அவளும் இம்மானுவேலும் நேருக்கு நேர் நின்று பேசுவது அதுவே முதல்.

"உள்ள வாங்கண்ணா" என்றாள். "நீங்க வாசப்படிய மிதிக்காத வர்றதுக்குன்னே எங்க மாமா செவுத்த ஒடைச்சி வழி உட்டுக்கிறாரு."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

இம்மானுவேல் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "வேணாம்மா. ஓட்ட வழியா திருடன்தான் வருவான். நான் திருட வரல."

"அவனுக்கே தெரியிது பாரு" என்றாள் முத்தம்மாள் பின்னாலிருந்து. அவள் குரலில் நிம்மதி. "உனக்குத்தான் தெரியல. உள்ள வாடி."

இம்மானுவேல் வண்டியை உதைத்தான். ஒரு உதையில் கிளம்பியது. சந்திலிருந்து தெருப் பக்கம் திருப்பினான். ஆட்கள் வழிவிட்டார்கள். அன்பு ஒரு அடி முன்னால் வைத்தான். இன்னொரு அடி வைக்கவில்லை.

அருணா உள்ளே திரும்பினாள். முத்தம்மாள் ஒதுங்கினாள், மருமகள் அடங்கிவிட்டாள் என்று நினைத்து. அருணா தேக்கு நிலையைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள். தெருக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். அது கொஞ்சம் இறுக்கமானது. இரண்டு கைகளாலும் இழுத்தாள். இரண்டு கதவுகளையும் சுவரோடு சேரத் திறந்தாள். வாசற்படியில் நின்றாள். வண்டி அப்போதுதான் சந்து முனையைத் தாண்டி வீட்டுக்கு எதிரே வந்தது. அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

வண்டியின் என்ஜின் நின்றது.

அதன் பிறகு தெருவில் பல கதைகள் உலவின. அவள் மாமியாரை வாய்க்கு வந்தபடி பேசினாள் என்றார்கள். பதான்கோட்டிலேயே ஞானஸ்நானம் வாங்கிவிட்டாள், அதனால்தான் என்றார்கள். கடை முழுவதையும் அவன் பேருக்கு எழுதித் தருகிறேன் என்று காலில் விழுந்தாள் என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். சத்தியம் செய்தவள் அன்று சந்தில்கூட நிற்கவில்லை. முத்தம்மாள் எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு கதைக்கும் தலையாட்டினாள். எது நடந்திருந்தாலும் நடந்ததைவிடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அருணா சத்தம் போடவில்லை. அழவில்லை. யார் பேரையும் இழுக்கவில்லை. தலையில் இருந்த செங்கல் தூளைக்கூடத் தட்டவில்லை. அவள் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"வாசல் இந்தப் பக்கம்ண்ணா."